கோடையிலேயே கிறிஸ்துமஸ் ஏற்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆண்டுதோறும் மே மாதக் கூட்டத்திலேயே கிறிஸ்துமஸ் பேச்சு தொடங்கிவிடும். தொடங்கியவுடன் அதே சந்தேகங்களும் எழும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, அனுபவத்தில் சரியென்று கண்ட பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளையும், பண்டிகைக்காகச் சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ அங்கே வந்து சேரும் குடும்பங்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

டிசம்பரில் வரப்போகிற பண்டிகைக்கு மே மாதத்திலேயே என்ன அவசரம்?

முதல் காரணம் நம் ஊர் மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. கிறிஸ்துமஸ் அதன் கடைசிப் பகுதியில் வருகிறது. பலகாரத்துக்கான தானியம், மசாலாவுக்கான மிளகாய், எண்ணெய்க்கான கொப்பரை, கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான மண் பொம்மை என்று வெயில் பட வேண்டிய பொருள் எதுவாக இருந்தாலும், அதற்கு நம்பகமான வெயில் சித்திரையிலும் வைகாசியிலும்தான் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் மாதத்திலேயே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடுவதால், அங்குள்ளவர்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு.

இரண்டாவது காரணம் ஆட்கள். பள்ளி விடுமுறையிலும், ஊர்க் கோயிலின், அதாவது தேவாலயத்தின், பிரதிஷ்டைப் பண்டிகை, சபையார் கூடி உண்ணும் அசனம் போன்றவற்றிலும் குடும்பத்தார் கோடையில் ஒன்றாகச் சேருகிறார்கள். அதன் பிறகு அவர்கள் முகம் பார்த்துப் பேசுவது பெரும்பாலும் டிசம்பரில்தான். அப்போது உட்கார்ந்து திட்டம் போடுவதில் பயனில்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கோடையிலேயே முடித்துவிடலாமா?

முடியாது, முயலவும் வேண்டாம். வெயில் தேவைப்படும் வேலைகளும், மாதாமாதம் சேர்க்க வேண்டிய பணமும், பலர் கூடி ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயங்களும் கோடைக்கு உரியவை. ரயில் பயணச்சீட்டு, வளரும் குழந்தைகளின் உடை, மாவு அரைப்பது, இறைச்சிக்குச் சொல்வது போன்றவற்றுக்கு அவற்றுக்கென்று காலம் இருக்கிறது. முன்கூட்டியே தொடங்குவது என்றால் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்வது என்று நினைத்தவர்கள் ஜூலை மாதமே களைத்துப்போய் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கோடையில் வாங்கி வைக்க வேண்டிய பொருள்கள் எவை?

முதலிடம் கருப்பட்டிக்கு. பதநீர் இறங்குவது கோடையை ஒட்டிய மாதங்களில் என்பதால், உடன்குடி வட்டாரத்தில் புதுக் கருப்பட்டி தாராளமாகக் கிடைப்பதும் அப்போதுதான். பாசிப்பயற்றில் செய்யும் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குக் கருப்பட்டி சேர்ப்பவர்கள் ஆண்டுத் தேவையை அப்போதே வாங்கிவிடலாம். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் ஏராளம் என்பதால், காய்ச்சுகிறவர்களிடமோ பல ஆண்டுகளாகப் பழகிய கடையிலோ வாங்குவது நல்லது. அடுத்தது முந்திரிப்பருப்பு. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை அறுவடை கோடையில்தான் நடக்கிறது. தீபாவளி நெருங்கும்போது முந்திரியைத் தேடி எல்லோரும் கடைக்கு வந்துவிடுவார்கள்.

பாசிப்பயறு, பச்சரிசி, உளுந்து ஆகியவற்றை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆறிய பிறகு முழுத் தானியமாகவே அடைத்து வையுங்கள். மாவாக அரைத்து வைக்க வேண்டாம். அரிசி மாவு மாதக்கணக்கில் கிடந்தால் வண்டு விழும். பயற்றம் மாவில் காறல் வாடை வரும். அதிரசத்துக்கு ஈரம் போகாத மாவுதான் வேண்டும் என்பதால், முன்கூட்டி அரைக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. பிரியாணிக்கும் குழம்புக்குமான மிளகாய், மல்லி, மஞ்சளை மட்டும் கோடையில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம். கொப்பரையை நன்றாகக் காயவைத்துச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயும், ஈரம் படாமல் வைத்திருந்தால் டிசம்பர் வரை தாங்கும்.

மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்துவிடுகிறதே, டிசம்பர் வரை எப்படிப் பாதுகாப்பது?

கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வீடுகளில் விறகடுப்புக்கு மேலே, புகை படும் பரணில் அதை வைத்ததற்குக் காரணம் அதுதான். அந்த வசதி இல்லாத வீடுகளில், வாங்கியவுடன் ஒரு நாள் வெயில் காட்டி, ஆறிய பிறகு தாளில் சுற்றி, காற்றுப் புகாத தகர டின்னிலோ எவர்சில்வர் தூக்கிலோ வைக்கலாம். அன்றாடக் காப்பிக்கு எடுக்கும் கருப்பட்டியும் பண்டிகைக் கருப்பட்டியும் ஒரே டின்னில் இருக்கக் கூடாது; தினமும் திறக்கும் டின் ஐப்பசியில் கசியத் தொடங்கும். மேல்பகுதி சற்று இளகினால் பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பாகு காய்ச்சும்போது வடிகட்டிப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடித்ததை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

கேக்குக்கான பழங்களை இப்போதே ஊறவைக்கலாமா? எங்கள் வீட்டில் ரம் சேர்க்க மாட்டோம்.

ரம் அல்லது பிராந்தியில் ஊறவைப்பவர்களுக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. கழுவி ஈரமில்லாமல் உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் உலர்திராட்சை, பேரீச்சை, அத்தி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைப் போட்டு, பழம் முழுதும் மூழ்கும்படி ஊற்றி, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறிவிட்டு, மேலே தெரியும் பழத்தைத் திரும்ப மூழ்கச் செய்ய வேண்டும். முந்திரியை இதில் போட்டால் சவசவவென்று ஆகிவிடும். டூட்டி ஃப்ரூட்டியின் சாயம் மற்றப் பழங்களில் இறங்கும். இரண்டையும் கேக் செய்யும் நாளில் சேர்த்தால் போதும்.

மது சேர்க்காத வீடுகளில் கோடையில் ஊறவைக்கவே கூடாது. ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்த பழம் சாதாரண அறை வெப்பத்தில் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். கேக் செய்வதற்கு ஓரிரு நாள் முன்னதாகச் சாற்றில் ஒரு கொதி விட்டு, ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலே நன்றாக ஊறிவிடும். மே மாதத்தில் உலர்பழங்களை வாங்கியிருந்தாலும் அவற்றை உலர்ந்த நிலையிலேயே குளிர்பதனப் பெட்டியில் வைத்திருங்கள்.

அப்படியே ஒரு ஜாடி திராட்சை ஒயினும் போட்டு வைத்தால் என்ன?

அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். விற்கப்போவதில்லை, வீட்டுக்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்க வேண்டாம். புளிக்கவைக்காத திராட்சைச் சாறு போதுமென்றால் அதற்குக் கோடையில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை; கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் சந்தைக்கு வருகிறது.

செலவுக்குப் பணம் சேர்க்கக் கிறிஸ்துமஸ் பண்டில் சேருவது நல்லதா?

மாதாமாதம் பணம் கட்டினால் டிசம்பரில் பணமோ, பாத்திரமும் பலகாரப் பொருளும் சேர்ந்த தொகுப்போ தருவதாகச் சொல்லும் பண்டுகள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலானவை ஒருவருடைய வாக்கை மட்டும் நம்பி நடப்பவை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் காட்டத் தயங்கினால் விலகிவிடுங்கள். கட்டுகிற பணத்தைவிட மிகக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால், அந்தக் கேள்விகூடத் தேவையில்லை.

இதைவிட எளிய வழி, வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு. வங்கிகளில் 6 மாதக் காலத்துக்கும் தொடங்கலாம். மே மாதத்தில் மாதம் 6,000 ரூபாய் வீதம் தொடங்கினால் நவம்பரில் 36,000 ரூபாயும் அதற்கான வட்டியும் கைக்கு வரும். துணி, பயணம், காணிக்கை, பலகாரம் ஆகிய பெரிய செலவுகள் அதன் பிறகுதான் வருகின்றன. அஞ்சலகத் தொடர் வைப்பு 5 ஆண்டுக் காலத்துக்கு உரியது என்பதால் இந்த நோக்கத்துக்குப் பொருந்தாது. தொகையை முடிவு செய்வதற்கு முன், சென்ற டிசம்பரில் எதற்கு எவ்வளவு செலவானது என்று நினைவிருக்கும்போதே எழுதிப் பாருங்கள். காணிக்கையையும், வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் இனாமையும் சேர்க்க மறப்பவர்களே அதிகம்.

ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிட முடியாதா?

முடியாது. முன்பு 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம், 2024 நவம்பர் 1 முதல் பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் டிசம்பர் 23ஆம் தேதி சென்னையில் புறப்படும் ரயிலுக்கு அக்டோபர் 24ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்; ஜனவரி 2ஆம் தேதி திரும்புவதற்கு நவம்பர் 3. அரையாண்டுத் தேர்வு முடிந்தவுடன் எல்லோரும் ஒரே நாளில் கிளம்புவதால், நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்றிலும் இடம் மிக விரைவில் நிரம்பிவிடுகிறது.

ஆனாலும் கோடையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முன்பதிவு திறக்கும் தொடக்க நேரத்தில், ஆதார் சரிபார்ப்பு முடிந்த இணையக் கணக்குகளுக்கே பயணச்சீட்டு தரும் முறை 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அந்தச் சரிபார்ப்பை இப்போதே முடித்து, பயணம் செய்பவர்களின் பெயர், வயது விவரங்களையும் கணக்கில் பதிந்து வைத்துவிட்டால், அக்டோபர் காலையில் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்க நேராது. யார் யார் எந்தத் தேதியில் புறப்படுகிறார்கள் என்பதையும் மே மாதத்திலேயே முடிவு செய்யலாம். பயணச்சீட்டு கிடைக்காமல் போவதற்கு அந்த முடிவில் ஏற்படும் தாமதமே பல வீடுகளில் காரணமாகிறது.

ஆடித் தள்ளுபடியில் கிறிஸ்துமஸ் துணி எடுப்பது லாபமா?

பெரியவர்களுக்கு லாபம்தான். சேலை, வேட்டி, படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஆகியவற்றுக்கு அளவு மாறப்போவதில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தைத்த உடையாக எடுக்காதீர்கள். ஆடிக்கும் மார்கழிக்கும் இடையில் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள். துணியாக எடுத்து வைத்து, தீபாவளி முடிந்தவுடன் தைக்கக் கொடுக்கலாம்.

தையல்காரருடைய நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் அவரிடம் போவதில் பயனில்லை. டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு போனால் 24ஆம் தேதி இரவில் பித்தான் தைக்காத சட்டை கிடைக்கும். பாடகர் குழுவுக்கு ஒரே நிறத்தில் இருபது, முப்பது சேலை வேண்டுமென்றால், ஆடி மாதத்திலேயே கடையில் சொல்லி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குடிலுக்குப் புதுப் பொம்மை வேண்டும். எப்போது சொல்ல வேண்டும்?

பிளாஸ்டர் பொம்மைகள் டிசம்பரில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். மண் பொம்மை வேண்டுமென்றால் ஆனி மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் பிள்ளையார், கொலு பொம்மைகள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் மூன்றையும் செய்வது அதே குடும்பங்கள்தான். ஆடி பிறந்தால் அவர்கள் விநாயகர் சதுர்த்தி வேலையிலும், அதை அடுத்து நவராத்திரி வேலையிலும் இறங்கிவிடுகிறார்கள். நவராத்திரி முடியும்போது மழை வந்துவிடுகிறது; மழையில் மண் காயாது, காயாத மண்ணைச் சுட முடியாது. கோயில் குடிலுக்குப் பெரிய அளவில் செய்யச் சொல்வதாக இருந்தால், இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

மாட்டுத் தொழுவத்துக்கான வைக்கோலைக் கோடையில் எடுத்துக் காய்ந்த இடத்தில் கட்டி வைக்கலாம். கேழ்வரகோ நெல்லோ விதைத்துப் புல் முளைக்க வைப்பது பண்டிகைக்குப் பத்து நாளைக்கு முன் செய்ய வேண்டிய வேலை.

கோயில் சார்பில் நடக்கும் ஏற்பாடுகளை எப்போது தொடங்குவது?

திருச்சபை நாள்காட்டி அச்சிடுவதாக இருந்தால், சிவகாசியின் கணக்கைப் பின்பற்ற வேண்டும். அங்கே ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே படமும் வசனமும் முடிவாகியிருந்தால் அவசரமில்லாமல் அச்சாகி வரும்.

பாடகர் குழுவின் பாட்டுத் தேர்வும் ஜூலைக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. பெரியவர்களுக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காது. மழை நாளில் ஒத்திகைக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். செப்டம்பரிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அரை மணி நேரம் பாடிவந்தாலே போதும். வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் ரவுண்ட்ஸ் போகும் தெருக்களின் வரிசையை மட்டும் நவம்பர் வரை முடிவு செய்யாதீர்கள்; எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்கு வெள்ளையடிப்பது?

ஆகஸ்டுக்குள் முடியுங்கள். அக்டோபருக்குப் பிறகு ஈரம் ஊறிய சுவரில் அடித்த வண்ணம் உப்பி உரிந்துவிடும். மாடித் தளத்தின் வெடிப்புகளை அதற்கும் முன்னால் பூச வேண்டும்.

பண்டிகைக்கென்று ஆட்டுக்குட்டி வாங்கி வளர்ப்பது இப்போதும் கட்டுபடியாகுமா?

இடமும் தழையும் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும் கிராமத்து வீடுகளுக்குக் கட்டுபடியாகும். மூன்று, நான்கு மாதக் குட்டியை மே மாதத்தில் வாங்கினால் டிசம்பரில் பத்து, பதினொரு மாத வயதாகியிருக்கும். இறைச்சி இளசாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் ஆட்டுக்கு நோய் வரும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கேட்டுப் போட வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் ஒருமுறை யோசியுங்கள். ஏழு மாதம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்டை வெட்டவிடாமல் பிள்ளைகள் தடுத்துவிட்டு, கடைசியில் கடைக்கறி வாங்கிய வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு.

இவ்வளவு சீக்கிரமே ஏற்பாட்டில் இறங்கினால், ஆகமன காலத்துக்கு என்ன மதிப்பு?

நியாயமான கேள்வி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிற்றுக்கிழமை, அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் தொடங்கும் அந்தக் காலம், காத்திருப்புக்கும் ஜெபத்துக்கும் உரியது. ஆனால் இப்போது அது பெரும்பாலான வீடுகளில் கடைவீதியிலும் அடுப்படியிலும் கழிகிறது. வெளிவேலைகளை முன்னதாக முடிப்பதால் அந்த நான்கு வாரங்கள் கொஞ்சமாவது ஓய்வாக இருக்கும். கோடையிலேயே நட்சத்திரம் கட்டுவதையோ கிறிஸ்துமஸ் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவதையோ நான் சொல்லவில்லை. கருப்பட்டி வாங்கி வைப்பது வேறு, பண்டிகையை முன்னால் இழுப்பது வேறு.

இந்த ஆண்டு அம்மா வீட்டுக்கா, மாமியார் வீட்டுக்கா என்பதில் ஒவ்வொரு டிசம்பரிலும் சண்டை. என்ன செய்யலாம்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ரயில் பயணச்சீட்டு முதல் அரிசி அளவு வரை எல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன. மே மாதத்தில் இரு வீட்டாரையும் நேரில் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். கணவர் தம் பெற்றோரிடமும், மனைவி தம் பெற்றோரிடமும் பேசுவதே நல்லது. மருமகள் வாயிலிருந்து வந்தால் முடிவு யாருடையதாக இருந்தாலும் பழி அவள்மேல்தான் விழும். ஓராண்டு கிறிஸ்துமஸ் இங்கே, புத்தாண்டு அங்கே என்றும், அடுத்த ஆண்டு மாற்றியும் போகும் வழக்கம் பல குடும்பங்களில் சிக்கலில்லாமல் நடக்கிறது. தனியாக இருக்கும் வயதான தாயோ தகப்பனோ ஒரு பக்கம் இருந்தால், முறை மாற்றத்தைப் பார்க்காமல் அந்த வீட்டுக்குப் போவதே சரி என்பேன்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

விமான நிறுவனங்கள் பல மாதங்களுக்கு முன்பே பயணச்சீட்டு விற்பதால், ரயிலுக்குச் சொன்ன 60 நாள் கணக்கு இங்கே பொருந்தாது. டிசம்பர் மூன்றாம் வாரக் கட்டணம் கடைசி நேரத்தில் குறையும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. அலுவலக விடுப்பை முதலில் எழுத்தில் பெற்றுக்கொண்டு, பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

பலர் பார்க்கத் தவறுவது குழந்தைகளின் கடவுச்சீட்டை. சிறுவர்களுக்கான இந்தியக் கடவுச்சீட்டு பொதுவாக 5 ஆண்டுகளுக்கே செல்லும். பெரியவர்களுடையதைப் போல 10 ஆண்டு இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். திரும்பிப் போகும் நாளில் குறைந்தது 6 மாதமாவது செல்லத்தக்கதாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, தேவையானால் புதுப்பித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் மழை வெள்ளம் வந்தால்?

வரக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்த நேரம் அது. ஆகவே 24ஆம் தேதி இரவில் வந்து இறங்கும்படி யாரும் திட்டமிட வேண்டாம். முடிந்தால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். கோடையில் சேர்த்த தானியத்தையும் துணியையும் தரையில் வைக்காமல் பரணிலோ உயரமான அலமாரியிலோ வையுங்கள். கூரியரில் அனுப்ப வேண்டிய பரிசுகளை நவம்பர் இறுதிக்குள் அனுப்பிவிடுவதும் நல்லது.

இடையில் குடும்பத்தில் ஒரு துக்கம் நடந்துவிட்டால், செய்த ஏற்பாடெல்லாம் வீண்தானே?

துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு நட்சத்திரம் கட்டாமல், பலகாரம் சுடாமல் இருப்பதும், உறவினர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பதும் நம் பக்கத்து வழக்கம். வைப்புக் கணக்கில் சேர்ந்த பணம் எங்கும் போகாது. அந்த நேரத்துச் செலவுக்கு அதுவே கைகொடுக்கும். தானியமும் மசாலாவும் அன்றாடச் சமையலுக்கு ஆகும். குடும்பமாகக் கூடும் முடிவை மட்டும் கைவிடாதீர்கள். கொண்டாட்டம் இல்லாத அந்த டிசம்பரில்தான் பிள்ளைகள் வந்து உடனிருப்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் அதிகம் எதிர்பார்ப்பார்கள். ரயில் பயணச்சீட்டை ரத்து செய்யும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் இதைப் படிப்பதே ஆவணி மாதத்தில். இனி என்ன செய்ய முடியும்?

மண் பொம்மையை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள். கருப்பட்டியைக் கடையில் கிடைக்கிற விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். 6 மாத வைப்புக் கணக்குக்கு இனிக் காலமில்லை என்பதால், மூன்று மாதச் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். வெயில் அடிக்கும் நாள்கள் இன்னும் மிச்சமிருப்பதால் தானியத்தையும் மிளகாயையும் காயவைத்துவிடலாம். பெரியவர்களின் துணி, பாடகர் குழுவின் பாட்டுத் தேர்வு, எந்த வீட்டுக்குப் போவது என்ற முடிவு ஆகியவற்றை இந்த மாதமே முடிக்கலாம். ரயில் முன்பதிவு இன்னும் திறக்கவில்லை. ஆதார் சரிபார்ப்பை இன்றே செய்துவிடுங்கள்.